வகுப்பில் வாய் திறக்காதவர்கள் – கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. சொந்த ஊர் கோவில்பட்டி. இரண்டு கட்டுரைகள் வந்துவிட்டன. இன்னும் இரண்டு வந்த பிறகு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்கிறார் வழிகாட்டி. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு (போஸ்ட்டாக்) ஐரோப்பா போவதா, இங்கேயே ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்வதா என்று குழப்பம். என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) ஆய்வாளர்களுக்குத் தரும் தரமதிப்பீட்டுக்கு இப்போதே தயாராக வேண்டுமா? பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளால் பயன் உண்டா? முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் மூன்று டுட்டோரியல் எடுக்கிறேன். அது வெறும் நேர விரயம். கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள், தங்களுக்குள் ஜூலுவில் பேசிக்கொள்வார்கள். அதை விட்டுவிட்டு ஆய்வகத்தில் இருந்தால் எதிர்காலத்துக்கு நல்லதுதானே?

க., வெஸ்ட்வில்

அன்புள்ள தம்பி,

ஐரோப்பாவா டர்பனா என்பது பெரிய கேள்வியே இல்லை. நல்ல ஆய்வகம், மூன்று வருடத்துக்கு உத்தரவாதமான பணம் இரண்டும் எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள். பட்டறைகளில் கட்டுரை எழுதக் கற்றுத்தருவதற்கு மட்டும் போங்கள். மற்றவற்றில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். என்.ஆர்.எஃப்.பின் இளம் ஆய்வாளர் தரம் 40 வயதுக்குள், முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கானது. நீங்கள் இன்னும் பட்டமே வாங்கவில்லை. பந்திக்கு இலை போடும் முன்பே பாயசத்தைப் பற்றிக் கவலையா?

வழிகாட்டி விஷயம் கொஞ்சம் சிக்கல். இந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. மானியக் கணக்கில் கட்டுரை ஒரு அலகு, அதையும் ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்த முனைவர் பட்டத்துக்கு மூன்று அலகு. ஆக, உங்கள் ஆய்வேட்டைத் தள்ளிப்போடுவதில் பல்கலைக்கழகத்துக்குக்கூட லாபமில்லை. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். ஒரு தேதியைக் கேட்டு, பேசி முடித்ததை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான்காம் ஆண்டு மாணவனுக்குத் தேதிதான் முக்கியம். ஒரு நல்ல கட்டுரையை இரண்டாக வெட்டி எண்ணிக்கை காட்டும் வேலை மட்டும் வேண்டாம். கூர்மையான மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

போதும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன். "தங்களுக்குள் ஜூலுவில் பேசிக்கொள்வார்கள்" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! நான்கு வருடமாக அந்த ஊரில் அரிசி வாங்குகிறீர்கள், மினிபஸ் டாக்சியில் போகிறீர்கள். "சாவுபோனா" (வணக்கம்) தவிர உங்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் உங்களுக்குத் தெரியாத மொழியில் பேசுகிறார்கள் என்பது அவர்கள் குற்றமா தம்பி?

நான் திருமணமாகி இங்கே வந்தபோது என் மாமியார் வார்விக் சந்திப்பின் அதிகாலைச் சந்தையில் கொத்தமல்லியும் மதும்பியும் விற்றுக்கொண்டிருந்தார். (மதும்பி நம் சேப்பங்கிழங்குதான். அமதும்பே என்ற ஜூலுப் பெயரின் திரிபு அது.) பள்ளிக்கூடத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வாடிக்கையாகக் காய் வாங்க வரும் ஜூலுப் பெண்களோடு மணிக்கணக்கில் பேசுவார். தன் மாமனார் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கிருந்த இந்தியப் பெண்களே அதைக் கேலி செய்வார்கள். ஜூலுப் பெண்கள் ஒருவரும் சிரித்ததில்லை. மணமான பெண் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை உச்சரிக்காத ஹ்லோனிபா வழக்கம் அவர்களுக்கும் உண்டு. நான் ஜூலு கற்றது அந்தக் கடைப்பலகையின் பின்னால் நின்றுதான்.

அது பாதி ஃபனகலோ என்று பிறகு ஒரு சக ஆசிரியர் சொன்னார். சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை வாங்குவதற்காகப் பழகிய கலப்புப் பேச்சு அது. அதில் பெரும்பாலும் ஏவல்தான். எடு, போடு, சீக்கிரம் வா. அதைக் கொண்டு ஒரு மாணவனிடம் பேசினால் முகம் சுருங்கிவிடும். எனவே இலக்கணத்தோடு திரும்பவும் கற்றேன்.

கஷ்டமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழனுக்குப் பாதி வழி தெரிந்ததுதான். நாம் வேர்ச்சொல்லின் பின்னால் காலத்தையும் இடத்தையும் ஒட்டுகிறோம், அவர்கள் பெரும்பாலும் முன்னால் ஒட்டுகிறார்கள். உம்ஃபுந்தி என்றால் ஒரு மாணவர், அபஃபுந்தி என்றால் பல மாணவர்கள். சொடுக்கொலிகளைக் கண்டு பயப்படாதீர்கள். ஒன்று நம் பாட்டிமார் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டும் ஒலி, இன்னொன்று மாடு ஓட்டுகிறவர் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி. கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இப்போது வகுப்புக்கு வாருங்கள். நான் புள்ளியியல் எடுத்தேன். நிகழ்தகவு டுட்டோரியல். ஆங்கிலத்தில் கேட்டால் அதே சுவர், அதே மௌனம். ஒருநாள் பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பையனிடம் ஜூலுவில் விளக்கிக்கொண்டிருந்தான். நான்கு தரம் தலை விழுந்துவிட்டது, அடுத்தது பூ விழுந்தே தீரும் என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வகுப்பில் பாதிப்பேர் எங்கே இடறி நிற்கிறார்கள் என்று. நான் திரும்பி, அரைகுறை ஜூலுவில், நாணயத்துக்கு ஞாபகசக்தி இருக்கிறதா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. என் இலக்கணத்தைப் பார்த்துத்தான். சிரித்த பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

மாணவன் சரியான விடையை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவான், அது புத்தகத்தில் இருக்கிறது. அவனுடைய தவறு அவன் தாய்மொழியில்தான் இருக்கும். உங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை வீட்டு மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டவர்கள். உங்கள் பாடத்தையே எடுங்கள். வேதிச் சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது என்று நினைக்காத முதலாண்டு மாணவர் எத்தனை பேர்? அந்த நினைப்பை எந்தத் தேர்வுத்தாளிலும் பார்க்க மாட்டீர்கள், மனப்பாடம் செய்த வரையறைதான் இருக்கும். பின்வரிசை முணுமுணுப்பில் அது இருக்கிறது. நீங்கள் அதற்குக் காதைப் பொத்திக்கொண்டு நேர விரயம் என்கிறீர்கள்.

எதிர்காலத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. உங்கள் குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் 2014 முதல் ஜூலு தெரியாத இளநிலை மாணவர்கள் அதை ஒரு பாடமாகப் படித்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2020இல் அரசு கொண்டுவந்த உயர்கல்வி மொழிக் கொள்கை ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தல் மொழிகளாக வளர்க்கச் சொல்கிறது. பதினெட்டு வயது மாணவனிடம் கேட்பதை முனைவர் ஆகப்போகிற உங்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பதவி உயர்வுக்குப் போகும்போது கட்டுரைப் பட்டியலோடு கற்பித்தல் தொகுப்பும் கேட்பார்கள். அதில் என்ன எழுதுவீர்கள்? சுவரைப் பார்த்தார்கள் என்றா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து வந்து நின்ற துறைமுக ஊர் இது. பேரப்பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டார்கள் என்று இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தின் மேடைகளில் நாம் ஓயாமல் புலம்புகிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் மொழியைத் தொடாமலே ஐந்து தலைமுறை வாழ்ந்துவிட்ட குடும்பங்கள் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்ட பிறகு, ஒரு இந்திய முகம் கரும்பலகை முன் நின்று ஆங்கிலத்தில் மட்டும் கேள்வி கேட்டால் மாணவன் அதில் என்னென்ன பார்ப்பான் என்று யோசித்திருக்கிறீர்களா? கோவில்பட்டியிலிருந்து வந்த உங்களுக்கு அந்த வரலாற்றில் பங்கில்லை என்று நினைக்கலாம். அவனுக்கு அது தெரியாது.

டுட்டோரியலை விடாதீர்கள். மூன்றில் ஒன்றை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆய்வேடு முடிய வேண்டுமே. வகுப்பில் ஒரு மாணவரையே கூப்பிட்டு, உங்கள் பாடத்தின் பத்துச் சொற்களை அவர்கள் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். காசு கொடுத்துக் கேளுங்கள், இலவசமாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் வீட்டுக்கு வாருங்கள். என் பழைய பயிற்சி நோட்டுகள் இருக்கின்றன, கையெழுத்து மோசம்.

ஐரோப்பாவுக்குப் பரிந்துரைக் கடிதம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வேதியியலில் நான் பதினொன்றாம் வகுப்போடு சரி.

அன்புடன்,
அம்மா