இன்று ராஜினாமா, நாளை புதிய கம்பெனியில் வேலை: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் 1998 செப்டம்பரில் டூல் ரூம் ஃபிட்டராகச் சேர்ந்தேன். நிறுவனரான பெரியவர் காலத்தில் எல்லாம் வாய்ச்சொல்லிலேயே நடந்தது. அவருடைய மகன்கள் காலத்தில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் எச்.ஆர். பிரிவும் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் ஒரு வெளியூர்க் குழுமத்தின் கைக்குப் போனது. இப்போது என் பதவியின் பெயர் உதவி மேலாளர். ஆனால் இன்றும் டை (உதிரிபாகங்களுக்கு வடிவம் தரும் அச்சு) பழுதானால் நான்தான் கழற்றிச் சரிசெய்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 39,000 ரூபாய். மூத்த ஊழியர்கள் எல்லோரும் இந்த மாத இறுதியில் ராஜினாமா செய்துவிட்டு, மறுநாளே குழுமத்தின் வேறொரு நிறுவனத்தில் அதே சம்பளத்தில் சேர வேண்டும் என்கிறார்கள். கிராஜுவிட்டி உடனே கைக்கு வரும் என்பதால் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போடாதவர்களின் 'பெர்ஃபார்மன்ஸ்' கவனிக்கப்படும் என்றும் பேச்சு. 58 வயதில் ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு ஆண்டும் நான்கு மாதமும் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அவர்கள் நீட்டும் அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புதிய நிறுவனத்துக்குப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. போகும் வழி ராஜினாமாவாக இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆலோசனை.

உங்கள் கேள்வியில் மூன்று நிர்வாகங்களின் கதை இருக்கிறது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்த பலரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். முதலாளியே பட்டறைக்குள் வந்து பேர் சொல்லி அழைத்த காலத்தில், விடுப்பும் முன்பணமும் ஏன் பதவி உயர்வும்கூட அவருடைய நினைவிலேயே இருந்தன. எழுதிக் கேட்டால் நம்பிக்கைக் குறைவு என்று கருதப்பட்டது. அந்த நினைவு அவரோடு போய்விட்டது. இன்று உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். அதிகாரிக்கு நீங்கள் திரையில் ஒரு பணியாளர் எண். நீங்கள் இருபத்தேழு ஆண்டு கழற்றி மாட்டிய டைகளைப் பற்றி அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அவர் உங்களை ஏமாற்றத்தான் வந்திருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மேலிடம் தந்த பட்டியலை மாத இறுதிக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியில் அவரும் இருக்கலாம். ஆனால் நிர்வாகம் எத்தனை முறை மாறினாலும் மாறாமல் உங்களிடம் இருக்கும் சொத்து ஒன்றுதான்: 1998 செப்டம்பர் என்ற பணியில் சேர்ந்த தேதி. ராஜினாமா அந்தத் தேதியை அழித்துவிடுகிறது.

அது பணமாக எவ்வளவு என்று பாருங்கள். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, மாதத்துக்கு 26 நாள் என வைத்துக் கணக்கிடப்படுகிறது. 39,000 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 22,500 ரூபாய். 27 ஆண்டுகளுக்கு 6,07,500 ரூபாய். உடனே வரும் என்று உங்களுக்குக் காட்டப்படும் தொகை இதுதான். இப்போது ராஜினாமா செய்யாமல் 58 வயது வரை தொடர்ந்தால், 27 ஆண்டுக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்ட மாதங்களும் சேரும்; ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், உங்கள் பணிக்காலம் 32 ஆண்டுகள். அப்போது உங்கள் ஊதியம் 52,000 ரூபாயாக உயர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 9,60,000 ரூபாய் கிடைக்கும். கடைசி ஊதியம்தான் 1998ஆம் ஆண்டுக்கும் சேர்த்துக் கணக்காகிறது என்பதை உங்கள் சக ஊழியர்கள் பலர் கவனிக்கவில்லை.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். புதிய நிறுவனத்தில் உங்களுக்கு இருக்கப்போவது நான்கு ஆண்டும் நான்கு மாதமும்தான். அங்கே புதிய ஊழியராகச் சேர்ந்தால், அந்தக் காலத்துக்குப் பணிக்கொடையாக ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். இப்போது வாங்கும் ஆறு லட்சத்தை வங்கியில் போட்டு வைத்தாலும், வட்டியோடு சேர்ந்தும் அது 9,60,000 ரூபாயை எட்டாது.

"அதே சம்பளம்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். மாதம் கைக்கு வரும் மொத்தத் தொகை அதே அளவாக இருந்து, அதற்குள் அடிப்படைச் சம்பளம் குறைந்து படிகள் கூடியிருந்தால், பணிக்கொடையும் பி.எஃப்.பும் குறையும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதி ஊதியத்தோடு சேர்க்கப்பட வேண்டும். புதிய நியமனக் கடிதத்தின் சம்பள இணைப்பைப் பழைய பேஸ்லிப்பின் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

உதவி மேலாளர் என்ற பெயர் உங்கள் பணிக்கொடையைத் தொடாது; அது மேலாளருக்கும் உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற உரிமைகள்தான் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டும் உரியவை. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றாடம் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்கின்றன. டையைக் கழற்றுவது உங்கள் கைதான் என்பதற்கு ஜாப் கார்டுகளும் பராமரிப்புப் பதிவேடும் இருந்தால், அவற்றின் நகலை வைத்திருங்கள். பெரிய பெயர் தந்து உரிமையைக் குறைப்பது கடந்த இருபது ஆண்டுகளில் பரவிய நிர்வாகப் பழக்கம். இதை நான் மிகவும் வெறுக்கிறேன்.

இனி விதிவிலக்கு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "எல்லோரும் மாறித்தானே போகிறார்கள்" என்று உங்களிடம் வாதிடுபவர்கள் இதைத்தான் அரைகுறையாகச் சொல்வார்கள். ஒரு தொழிற்கூடம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாற்றப்படும்போது, தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ததாகக் கருதி இழப்பீடு தர வேண்டும் என்பதே பொது விதி. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் அந்த இழப்பீடு தர வேண்டியதில்லை. முதலாவது, மாற்றத்தால் பணியில் இடைவெளி வரக் கூடாது. இரண்டாவது, புதிய பணி நிபந்தனைகள் பழையவற்றைவிட எந்த வகையிலும் குறைந்தவையாக இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியமானது: பிற்காலத்தில் ஆட்குறைப்பு வந்தால், பழைய நிறுவனத்தில் செய்த பணியையும் சேர்த்து இழப்பீடு தரப் புதிய முதலாளி சட்டப்படி கட்டுப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது உண்மையான இடமாற்றம். பழைய ஊழியரின் பணிக்காலம் முழுதாக அவரோடு போகிறது. அப்படிப்பட்ட மாற்றத்தில் ராஜினாமாவுக்கு வேலையே இல்லை. ராஜினாமா கேட்கிறார்கள் என்பதே, இந்த மூன்றாவது பொறுப்பை ஏற்க அவர்கள் விரும்பவில்லை என்பதற்கான அடையாளம். நிறுவனத்தின் பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால் இந்தப் பேச்சே எழாது. உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் அதேதான், உரிமையாளர்கள்தான் வேறு. எனவே 'பணித் தொடர்ச்சியுடன் இடமாற்றம்' என்று எழுதிய கடிதம் கேளுங்கள். அதில் 1998 செப்டம்பர் என்ற தேதி இருக்க வேண்டும். பழைய பணிக்காலத்துக்கான பணிக்கொடைப் பொறுப்பைப் புதிய நிறுவனம் ஏற்கிறது என்ற வாசகம் இருக்க வேண்டும். இரு நிறுவனங்களும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பழைய நிறுவனம் எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் பணம் கட்டி வந்திருந்தால், அந்த நிதியும் மாற்றப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கிடைத்தால் தயக்கமில்லாமல் போகலாம்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தரப்படும் அச்சிட்ட தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எனது சொந்தக் காரணங்களால், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் ராஜினாமா செய்கிறேன். எனக்கு வர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." பணம் வருவதற்கு முன்பே பணம் வந்ததாகவும், நிர்வாகம் கேட்டதைச் சொந்தக் காரணம் என்றும் நீங்களே எழுதித் தருகிறீர்கள். நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வரும் முதல் ஆவணம் இதுவே. தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கமும் இருக்கிறது; அதற்கு எக்காரணம் கொண்டும் இடம் தராதீர்கள்.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு வகை ஆட்கள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். ஒருவர், "நிர்வாகத்திடம் பேசி கூடுதலாக வாங்கித் தருகிறேன், வருவதில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும்" என்பார். சட்டப்படி வர வேண்டிய உங்கள் பணிக்கொடையிலிருந்தே அந்தப் பத்து சதவீதம் போகும். மற்றவர் பி.எஃப். ஏஜென்ட். உங்கள் யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். உறுப்பினர் எண்ணின் கடவுச்சொல்லையும் ஆதார் ஓ.டி.பி.யையும் கேட்டு, கணக்கையே முடித்துப் பணம் எடுத்துத் தருவதாகச் சொல்வார். வேலை மாறும்போது பி.எஃப். கணக்கை முடிக்க வேண்டியதே இல்லை; அதே யு.ஏ.என்.னில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், அவர் உங்கள் மைத்துனருக்குத் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

'பெர்ஃபார்மன்ஸ்' மிரட்டலைப் பொறுத்தவரை, எழுத்தில் வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் அன்றைக்கே நிதானமாக எழுத்தில் பதில் தாருங்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்தால் அந்த இழப்பீடு இல்லை. அதனால்தான் உங்களிடம் ராஜினாமா கேட்கப்படுகிறது.

பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பழைய சட்டம் சமரசப் பேச்சை 14 நாளில் முடிக்கச் சொன்னது. தனி ஊழியரின் தகராறை மூன்று மாதத்தில் தீர்க்கச் சொன்னது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத் தாழ்வாரங்களில் வாய்தா வாங்கி வாங்கி ஓய்ந்த ஐம்பது வயதுக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த நாட்கணக்கு எவ்வளவு வெற்றுத்தாள் என்று தெரியும். நிர்வாகத் தரப்பு வரவில்லை, அதிகாரி மாறிவிட்டார், கோப்பு மேலே போயிருக்கிறது என்று மாதங்கள் ஓடும். காலம் முதலாளிக்குச் செலவு, தொழிலாளிக்குச் சோறு. இதைத் தெரிந்தும் இந்த அமைப்பு திருந்த மறுக்கிறது.

இந்த வாரமே எச்.ஆர்.க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், அதன் அச்சுப் பிரதியை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்: "குழும நிறுவனத்துக்கு மாற எனக்கு ஆட்சேபம் இல்லை. 1998 செப்டம்பர் முதலான என் பணித் தொடர்ச்சியை ஏற்கும் இடமாற்றக் கடிதம் கிடைத்ததும் அங்கு சேர்வேன்." இவ்வளவு போதும், கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். 1998ஆம் ஆண்டின் நியமனக் கடிதம் கிடைக்காவிட்டால், பழைய இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். ஆண்டுச் சீட்டு, அந்தக் காலச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். அன்றைய டைம் கீப்பர் உயிரோடு இருந்தால், நீங்கள் சேர்ந்த காலத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி வாங்கி வையுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்ட உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்: பிற்கால தேதியிட்ட ராஜினாமாவை, அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் திரும்பப் பெறலாம் என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றிருக்கும் நிலை. அவர்களின் கடிதத்தில் மாதத்தின் கடைசி நாள் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு முன் எழுத்தில் திரும்பப் பெற்று, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.