கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. அப்படியானால் அவர்களுக்காக யார் பேசுவார்கள்?

நீங்கள் குடியிருக்கும் தொகுதியின் எம்.பி. உங்களுக்கும் எம்.பி.தான். நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது என்பதால் இது மாறாது. தொகுதிகளைப் பிரிக்கும்போது குடிமக்களை மட்டும் எண்ணுவதில்லை, மொத்த மக்கள்தொகையைத்தான் எடுக்கிறார்கள். 2025 தேர்தலுக்கு நாடாளுமன்ற இடங்கள் 338-லிருந்து 343 ஆனபோது அந்தக் கணக்கில் பி.ஆர். காரர்களும் இருந்தார்கள்.

நடைமுறை வேறு மாதிரி. நான் இருப்பது டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். தேர்தல் சமயத்தில் கட்சித் தொண்டர்கள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார்கள். திறந்ததும் முதலில் கேட்பது, "நீங்கள் சிட்டிசனா?" இல்லை, பி.ஆர். என்று சொன்னால் கையிலிருக்கும் போனில் எதையோ தட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற சாயங்காலத்துக்குள் ஓட்டுள்ள வீடுகளைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எங்கள் மாடியில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். வாடகை ஏறியது, லிஃப்ட் நின்றது, பஸ் வரவில்லை என்று அந்த வீடுகளில் இருக்கும் எந்தக் குறையும் வேட்பாளர் காதுக்குப் போவதே இல்லை. ஓட்டுச் சீட்டு கையில் இல்லை என்பதைவிட, வீட்டு வாசலில் நடக்க வேண்டிய அந்த இரண்டு நிமிடப் பேச்சு நமக்குக் கிடைக்காமல் போவதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

அதனால் நாமாகத்தான் போய்ப் பேச வேண்டும். எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் உங்கள் முகவரியைத்தான் பார்ப்பார்கள். குடும்பத்தாரை இங்கே அழைக்கும் ஸ்பான்சர்ஷிப் இழுத்தடிக்கிறது, பி.ஆர். கார்டு புதுப்பித்து வரவில்லை என்றால் தயங்காமல் போங்கள். விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சார்பில் குடிவரவுத் துறையிடம் விசாரிக்க ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான்.

தெரு, சிக்னல், நடைபாதை விஷயமென்றால் ஸ்கார்பரோ சமூக மன்றக் கூட்டம் இருக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டால் கவுன்சிலர்கள் முன்னால் ஐந்து நிமிடம் வரை பேசலாம். குடியுரிமை உண்டா என்று கேட்பதில்லை. எங்கள் கட்டடத்து அக்கா ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் வேண்டுமென்று அங்கே பேசினார். கையில் ஒரே ஒரு தாள். காலை எட்டரை மணிக்கு அந்த இடத்தில் பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதி வைத்திருந்தார். பேசி முடித்ததும் ஒரு கவுன்சிலர் அவரிடம் திருப்பிக் கேட்ட கேள்வி, "எந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் வேகமாக வருகின்றன?" அந்த அக்காவும் பி.ஆர்.தான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, கட்சி உறுப்பினர் ஆகலாம். 2025 மார்ச்சில் லிபரல் கட்சி தன் தலைவராக மார்க் கார்னியைத் தேர்ந்தெடுத்தபோது, பதிவு செய்துகொண்ட பி.ஆர். காரர்களும் ஓட்டுப் போட முடிந்தது. அதற்கு வயது 14 ஆகியிருந்தால் போதும். தலைவரானவர் சில நாட்களில் பிரதமராகப் பதவியேற்றார். ஆனால் ஏப்ரல் 28 பொதுத் தேர்தலில் அதே ஆட்களுக்கு ஓட்டு இல்லை. கட்சிக்கு நன்கொடை கொடுக்கவும் சட்டம் நம்மை அனுமதிக்கிறது. பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஓட்டை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"சிட்டிசன்ஷிப் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்தால் விண்ணப்பிக்கலாம், உண்மைதான். முடிந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கினால் ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது, அங்கே ஓட்டும் போய்விடும். அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்க, திரும்பிப் போவோமா மாட்டோமா என்று முடிவு செய்ய முடியாமல் வருடங்களைக் கடத்துபவர்கள் எத்தனையோ பேர். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தாலும், ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் போனால்தான் அங்கே ஓட்டுப் போட முடியும்.

நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு குடிமக்களுக்கு மட்டும் என்றால் அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. (நியூசிலாந்தில் அதுவும் 1975 முதல் பி.ஆர். காரர்களுக்கு உண்டு. பிரிட்டனில் குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம், படிக்கப் போன மாணவர் உட்பட.) என்னால் ஏற்க முடியாதது மாநகராட்சித் தேர்தல்தான். குப்பை, பனி அள்ளுவது, பஸ், நூலகம், பூங்கா எல்லாம் இங்கே வாழ்கிறவரின் அன்றாடம். சொத்து வரியை நேராகவோ வாடகை வழியாகவோ நாமும்தான் கட்டுகிறோம். ஆனால் டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி, ஒட்டாவாவில் குடியிருக்கும் ஒரு குடிமகனுக்கு டொரோண்டோவில் சொந்தமாக ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) இருந்தால் அவர் இரண்டு ஊரிலும் ஓட்டுப் போடலாம். பத்து வருடமாக டொரோண்டோவிலேயே வாழும் பி.ஆர். காரருக்கு ஓர் ஊரிலும் இல்லை.

இதை மாற்ற அரசியல் சாசனத்தைத் தொட வேண்டியதில்லை. அதிலுள்ள உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 3-ஆம் பிரிவு பேசுவது நாடாளுமன்ற, மாகாண சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றித்தான். மாநகராட்சி ஓட்டு மாகாணச் சட்டத்தில் இருக்கிறது. டொரோண்டோ மாநகர சபையே 2013-ல் இந்த உரிமையைக் கொடுக்கச் சொல்லி மாகாண அரசைக் கேட்டது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் மேயரிடமோ கவுன்சிலரிடமோ கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது உங்கள் எம்.பி.பி.யிடம் (மாகாண சட்டமன்ற உறுப்பினர்), அவருடைய அலுவலகத்துக்கு எழுதுங்கள். வீட்டில் சிட்டிசன் ஆன பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.