காய்ச்சல் விட்ட பிறகு நரம்பில் வரும் தொல்லைகள்

மழைக்காலம் முடிந்து பனி இறங்கியதும், சளிக் காய்ச்சல் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த முறை நரம்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் அண்ணனுக்கு 44 வயது. பட்டுத்தறி நெய்கிறார். சளிக் காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. இரண்டு நாளாகத் தறி மிதிக்கக் கால் வரவில்லை, பாதம் மதமதவென்று இருக்கிறது என்கிறார். காய்ச்சல் அசதிதானே? (அம்மாப்பேட்டை)

அசதி என்று விடாதீர்கள் அம்மா, இன்றே அழைத்துப் போங்கள். அசதியில் உடம்பு முழுக்கச் சோர்ந்திருக்கும், ஆனால் முனைந்தால் கால் வேலை செய்யும். உங்கள் அண்ணனுக்கு முனைந்தும் கால் கேட்கவில்லை. நடக்கும்போது செருப்பு நழுவுகிறதா, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். இப்படிக் கீழிருந்து மேலே ஏறும் பலவீனம் என்றால் கில்லன்-பாரே நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்பையே தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் தொற்று வந்து 1 முதல் 4 வாரத்துக்குள் தொடங்கும். முழங்காலுக்குக் கீழே சுத்தியால் தட்டினால் கால் துள்ளாது.

கால் பலவீனத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது மூச்சுத் தசைகளை நினைத்துத்தான். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் 1, 2, 3 என்று எண்ணச் சொல்லுங்கள். 20 வரை எட்டவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு. இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஊசி மருந்து, பிளாஸ்மா மாற்றுதல் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றுவது) இரண்டும் சம அளவில் பலன் தரும். பலவீனம் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு உதவாது. பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள். ஆனால் வாதம் என்று எண்ணெய் தேய்த்தே நாளைக் கடத்தி, மூச்சு வாங்கும் நிலையில் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எட்டு வயது மகனுக்குக் காய்ச்சல் குறைந்த மறுநாளே கெண்டைக்கால் வலி. நுனிக்காலில் நடக்கிறான். (ஓமலூர்)

பெரும்பாலும் இது நரம்பு நோய் இல்லை. ஃப்ளூவுக்குப் பிறகு குழந்தைகளின் கெண்டைக்கால் தசையில் வரும் அழற்சி. ஒரு வாரத்துக்குள் தானே சரியாகும். தண்ணீர் நிறையக் கொடுங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, வலி இல்லாமல் கால் துவண்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வைரஸ் காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும்.

ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அத்தை கையில் சாவியைக் கொடுத்தார்கள். மறுபடி வந்தால் என்ன செய்வது? (ஏற்காடு)

சாவி வலிப்பை நிறுத்தாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே நின்றுவிடும், அறிவையும் பாதிக்காது. மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம். 5 நிமிடம் தாண்டினால்தான் அவசரம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். அதனால் மலையில் இருப்பவர்கள் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை, டாக்டரிடம் அளவு கேட்டு, வீட்டில் வைத்திருக்கலாம். வலிப்பு நின்றும் பிள்ளை தெளியாமல், அம்மாவை அடையாளம் தெரியாமல் கிடந்தால் மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். உடனே கிளம்புங்கள்.

காப்பித் தோட்டத்தில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு காப்பி வறுத்தால் அழுகின நாற்றம் அடிக்கிறது. (நாகலூர்)

பிழைப்பே காப்பியோடு என்னும்போது இது எவ்வளவு வேதனை என்று புரிகிறது. இப்படி மணம் திரிந்தவர்களில், காப்பிதான் நாறுகிறது என்று சொல்பவர்களே அதிகம். மூக்கு நரம்பைத் தாங்கி நிற்கும் செல்களை வைரஸ் தாக்கிவிடுகிறது. நரம்பு திரும்ப வளரும்போது மணம் இப்படித் திரிந்து தெரிவதுண்டு, ஆகவே நம்பிக்கை வையுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் நான்கையும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக 20 விநாடி முகருங்கள். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்யுங்கள். அதுவரை கேஸ் அடுப்பு நாப்பை இரவில் வீட்டில் வேறொருவர் சரிபார்க்கட்டும். கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.