சமீபமான வழியும் சுற்றுவழியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒப்பந்த அடிப்படையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். குவைத்தில் இப்போது வாங்குவதைப்போல் நான்கு மடங்கு சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, விசா எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கடன் அடைந்துவிடும். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். “கர்த்தர் கதவைத் திறந்துவிட்டார், சந்தேகப்படாமல் போ” என்கிறார்கள் ஜெபக்குழுவினர். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. இது தேவன் செய்யும் தடையா, என் பயமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சாயர்புரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, திறந்த கதவு என்ற சொல்லை நம்முடைய சபைகளில் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். யோனா தீர்க்கதரிசி கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடிப்போக யோப்பாவுக்கு வந்தபோது, தர்ஷீசுக்குப் போகும் கப்பல் அங்கே ஆயத்தமாக நின்றது. கையில் கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. எல்லாம் கூடிவந்ததைக் கண்டு இது கர்த்தருடைய நடத்துதல் என்று அவன் சாட்சி சொல்லியிருந்தால், நம்மில் பலர் ஆமென் சொல்லியிருப்போம். தாவீதைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் என்கேதியின் குகையில் தனியாக வந்து அகப்பட்டபோது, கர்த்தர் வாக்குக் கொடுத்த நாள் இதுதான் என்று தாவீதின் மனுஷர் அடித்துச் சொன்னார்கள். கதவு அதைவிட அகலமாகத் திறக்க முடியாது. தாவீதோ, அபிஷேகம் பண்ணப்பட்டவன்மேல் கைபோடக் கூடாது என்பதை முன்பே அறிந்திருந்ததால், கிடைத்த வாய்ப்பைக் கொண்டு அந்தக் கட்டளையைத் திருத்த மறுத்துவிட்டான். இன்னும் வியப்பானது, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் தன்னைப்பற்றிச் சொல்வது: துரோவாவில் சுவிசேஷத்துக்குக் கர்த்தரே கதவைத் திறந்திருந்தும், சகோதரனாகிய தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதலில்லாமல், அந்த ஊராரிடம் விடைபெற்று மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுப் போனார். மெய்யாகவே தேவன் திறந்த கதவைக்கூட, ஒரு மனிதனைப்பற்றிய கவலையினால் அப்போஸ்தலர் ஒருவர் விட்டுச்செல்ல முடிந்திருக்கிறது.

அப்படியானால் உங்கள் மனத்தின் கலக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதையும் நான் சொல்லமாட்டேன். சமாதானம் இருந்தால் தேவசித்தம், இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு சூத்திரம் நம்மிடையே உலவுகிறது. கொந்தளிக்கும் கடலில் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கியவன் யோனாதான். கெத்செமனேயில் வியாகுலப்பட்ட இயேசுவோ பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் இருந்தார். கலக்கத்தை ஒரு தீர்ப்பாகக் கொள்ளாமல், எதைப்பற்றி அது எழுகிறது என்று பாருங்கள். புதிய ஊர், புதிய மொழி, தெரியாத மருத்துவமனை ஆகியவற்றைப்பற்றியதானால் அது பயம். பயத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. அம்மாவைப்பற்றியதானால், தன் சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை உங்கள் மனச்சாட்சி நினைவுபடுத்துகிறது என்று பொருள். உங்கள் கடிதத்தில் விசா வந்த விதம் ஒரு பக்கத்துக்கு இருக்கிறது; அம்மாவைப்பற்றி இரண்டே வரிகள், அவையும் அண்ணன் சொன்னவை. அம்மா என்ன சொல்கிறார் என்று ஓரிடத்திலும் இல்லை.

இவ்விடத்தில் எரேமியாவின் 42-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எருசலேம் விழுந்து, பாபிலோன் நியமித்த அதிபதி கெதலியா கொலையுண்டபின், மீதியான ஜனங்கள் எகிப்துக்குப் போகும் நோக்கத்தோடு பெத்லெகேமுக்கு அருகே வந்து தங்கியிருந்தார்கள். அங்கிருந்துகொண்டுதான் எரேமியாவிடம் போய், நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்று உறுதிகூறி, ஜெபிக்கச் சொன்னார்கள். பத்து நாள் சென்று பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்படவேண்டாம். யுத்தமும் எக்காளச் சத்தமும் ஆகாரக் குறைவும் இல்லாத இடம் என்றுதான் எகிப்தை அவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆகவே கேட்டவர்களே, “நீ பொய் சொல்லுகிறாய்” என்று தீர்க்கதரிசியின்மேல் பாய்ந்தார்கள். அதோடு நில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்திலுள்ள தகபானேசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் ஜெபித்தது பொய்யன்று, மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு ஜெபித்தார்கள் என்பதே குறை. பயண நாள் குறித்தபின் கேட்கும் கேள்விக்கு ஒரு பதிலை மட்டுமே நம் காது ஏற்கும்.

ஆகையால் சகோதரி, போகவேண்டும் என்றோ போகவேண்டாம் என்றோ நான் எழுதப்போவதில்லை. முடிவைத் தள்ளிவைத்துவிட்டு மீண்டும் கேளுங்கள் என்கிறேன். அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்து முதலில் அவரிடம் பேசுங்கள். அண்ணன் பணத்தால் பகிர்ந்துகொள்வாரா, ஆளாக வந்து பகிர்ந்துகொள்வாரா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். வங்கியில் தவணைக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று விசாரியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பின் போவதே சரியென்று தெரிந்தால் குற்றவுணர்வின்றிப் போகலாம். தங்குவதே சரியென்று தெரிந்தால், கடன் ஒரே நாளில் தீராது என்பதையும் அறிந்தே தங்கவேண்டியிருக்கும்.

கேள்வி: கடினமான வழிதான் கர்த்தருடைய வழி என்று சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவன் நான். ஏதாவது ஒரு காரியம் எளிதாக முடிந்தால், தவறு செய்துவிட்டேனோ என்ற உறுத்தல் வருகிறது. சிலுவை சுமப்பது என்றால் எப்போதும் பாடுபடுவதா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கடினத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால், தேவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும், எது வலிக்கிறதோ அதைத் தெரிந்துகொண்டால் போதும். அது பக்தியின் தோற்றமுடைய இன்னொரு குறுக்குவழி.

யாத்திராகமம் 13:17 உங்களுக்கு உதவும். எகிப்திலிருந்து கானானுக்குக் கடற்கரையோரமாக ஒரு நெடுஞ்சாலை இருந்தது. எகிப்தின் எல்லையிலிருந்து காசா வரைக்கும் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அரசன் முதலாம் சேத்தி கர்னாக் கோயிற்சுவரில் செதுக்கிவைத்த சிற்பங்களில், அந்தச் சாலையின் கோட்டைகளும் கிணறுகளும் வரிசையாகக் காணப்படுகின்றன. தண்ணீர் உண்டு, தூரம் குறைவு. ஆனால் கோட்டைக்குக் கோட்டை படை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்கள் யுத்தத்தைக் கண்டால் மனமடிந்து எகிப்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதால், அந்த வழி சமீபமாயிருந்தும் தேவன் அவர்களை வனாந்தரத்தின் வழியாகச் சுற்றிப் போகப்பண்ணினார் என்கிறது வசனம். அவர்களுடைய பலவீனத்தை அறிந்து, தாங்கமுடியாததை விலக்கியதே அந்தச் சுற்றுவழி. அவர்களைக் கஷ்டப்படுத்தும் எண்ணம் அதில் இல்லை. கால்களுக்கு எளிதான பாதையில் இருதயத்துக்கு மிஞ்சிய சோதனை காத்திருந்தது. இந்தக் காரணம் வாசிக்கிற நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நடந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதாக வேதத்தில் இல்லை. சமுத்திரக் கரையில் அவர்கள் மோசேயைப் பார்த்துக் கூக்குரலிட்டதிலிருந்து, அவர்கள் அதை அறிந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது. (வனாந்தரத்தில் அலைந்த பிந்தைய நாற்பது ஆண்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. ஓரேப் மலையிலிருந்து கானான் எல்லையிலுள்ள காதேஸ்பர்னேயா பதினொரு நாள் பிரயாணம் என்று உபாகமமே கூறுகிறது. மீதி அவர்களுடைய அவிசுவாசத்தின் விளைவு.)

எஸ்றாவையும் நெகேமியாவையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். எஸ்றா, எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று பெர்சிய ராஜாவிடம் சொல்லியிருந்தபடியால், வழித்துணைக்குப் படைவீரரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்துவிட்டு, வெள்ளியும் பொன்னும் ஏந்திய கூட்டத்தோடு பாதுகாப்பின்றி எருசலேமுக்குப் புறப்பட்டார். அதே எருசலேமுக்குச் சில ஆண்டுகளுக்குப்பின் போன நெகேமியா, ராஜா அனுப்பிய படைத்தலைவரோடும் குதிரைவீரரோடும் வந்து சேர்ந்தார். ஒருவருக்கு விசுவாசம் குறைவு, மற்றவருக்கு மிகுதி என்று வேதம் எங்கும் தீர்க்கவில்லை. எளிதாய் வந்ததை ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. ஜெபித்துவிட்டுச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தையும் ஆதாரமாகக் காட்டுகிறார். சரியா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம், அம்மா. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. ஆவியானவர் அருளப்பட்டபின் சபை அப்படிச் செய்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடமும் இல்லை. கிதியோன் இரவில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதன்மேல் பனி பெய்கிறதா என்று அடையாளம் பார்த்ததைச் சொல்வார்கள். அவனுக்குத் தேவன் தம் சித்தத்தை முன்னமே சொல்லியாயிற்று, நம்பமுடியாமல்தான் அடையாளம் கேட்டான். வாக்குத்தத்த அட்டை ஆறுதலுக்கு நல்லது, வரன் விசாரிப்பதற்கு அல்ல. சீட்டு எளிது என்பதே அதன் ஆபத்து. இரு வீட்டாரைப்பற்றியும் நான்கு இடங்களில் விசாரித்து, பையன் குடிக்கிறானா, வேலை நிலையானதா, சபையில் அவன் நடத்தை என்ன என்று கேட்டறிந்து, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்ணின் மனத்தை அறியும் உழைப்பிலிருந்து சீட்டு நம்மைத் தப்புவித்துவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 27. மதுரையில் ஒரு தனியார் வங்கியில் வேலை. வடநாட்டு ஊழியத்துக்குக் கர்த்தர் அழைக்கிறார் என்று இரண்டு ஆண்டுகளாக உணர்கிறேன். பெற்றோர் எதிர்க்கிறார்கள். கல்விக்கடன் பாக்கி இருக்கிறது. தங்கையின் திருமணமும் இருக்கிறது. அடுத்த மாதமே ராஜினாமா செய்துவிட்டு விசுவாசத்தில் கிளம்பிவிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: தம்பி, உன் வாஞ்சைக்காகத் தேவனைத் துதிக்கிறேன். பாதுகாப்பான மாதச் சம்பளத்தை விட்டுப் போவது பைத்தியம் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். ஆனால் அடுத்த மாதமே என்ற அவசரத்தை யார் சொன்னது?

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையை நீ அறிந்திருப்பாய். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக நாடெங்கும் பிரயாணம்பண்ணிப் பேர்பெற்றவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். வாலிபரை மிஷன் களத்துக்குப் போங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்த அவரை, நீ ஏன் போகவில்லை என்ற கேள்வி விடாமல் பற்றிக்கொண்டது. ஆயினும் 1909-இல்தான் அந்தப் பொறுப்பை விட்டுக் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தமிழரான அவர் தெலுங்கைக் கற்று, அந்த மக்களிடையே 1945 ஜனவரி முதல் நாளில் மரிக்கும்வரை ஊழியம்செய்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானதைத்தான் எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள். எனக்கோ 1903-க்கும் 1909-க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளே பெரிதாகத் தெரிகின்றன. அவர் தனியாகக் கிளம்பிவிடவில்லை. அனுப்புவதற்கு ஒரு சங்கமும், பட்டம் கொடுப்பதற்கு ஒரு திருச்சபையும் இருந்தன. அந்தியோகியாவிலும் அப்படியே: ஆவியானவர் பேசியது உபவாசித்து ஆராதனை செய்துகொண்டிருந்த சபையாரிடம், அவர்கள் கைகளை வைத்துப் பவுலையும் பர்னபாவையும் அனுப்பினார்கள்.

பெற்றோரைப்பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று தேவனுக்குப் பேர்பண்ணிக் கைகழுவியவர்களை நம் ஆண்டவர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கடுமையாய்க் கடிந்துகொண்டார். உன் கல்விக்கடன் அப்பாவின் தலையில் விழுமானால் உன் புறப்பாடும் அந்த வகையில் சேரும். ஆனால் கடனும் கல்யாணமும் முடியட்டும் என்று சொல்லும் பெற்றோர், அவை முடிந்தபின் உன் கல்யாணம், பிறகு வீடு என்று நீட்டிக்கொண்டே போகலாம். அப்படி நீட்டுவதற்கு நீயே உள்ளூர விரும்பலாம். எனவே ஒரு தேதியை இப்போதே அவர்களோடு பேசிக் குறித்துக்கொள். சபைப் போதகர் ஐயரவர்களிடம் உன் அழைப்பைச் சொல்லி, உன்னை அறிந்த மூப்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள். அவர்கள் தயங்கினால் காரணத்தையும் கேள். இந்த ஆண்டு வங்கியில் கிடைக்கும் நீண்ட விடுமுறையில், ஒரு மிஷனெரி சங்கத்தின் களத்துக்குப் போய் அங்குள்ள ஊழியரோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, நடக்கிற தூரம் நடந்து பார். இந்தி எழுத்துகளை இன்று இரவே கற்கத் தொடங்கலாம். அதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை.