தென்னாப்பிரிக்க நெடுஞ்சாலையில் போலீஸ் காசு கேட்டால் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இந்த நாட்டுக்கு நீங்கள் புதிது என்று நினைக்கிறேன். இங்கே லஞ்சம் என்று சொல்லிக் கேட்க மாட்டார்கள். 'கூல்டிரிங் குடிக்க ஏதாவது' என்பார்கள். 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளிதான்.

2025 புனித வெள்ளியன்று, டர்பன் அருகே உள்ள மௌண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்3 சாலையில் மாமனாரோடு போய்க்கொண்டிருந்தேன். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஹாரிஸ்மித் அருகே நிறுத்தினார்கள். என்னிடம் இருந்தது, உரிம அட்டை வரும்வரை தரப்படும் தற்காலிக ஓட்டுநர் உரிமத் தாள். "இந்தத் தாள் செல்லாது, வண்டியை எடுக்க முடியாது" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்திக் கூல்டிரிங் பேச்சை எடுத்தார்.

செல்லாத தாளா? நாடு முழுவதற்கும் உரிம அட்டை அச்சிட ஒரே ஓர் இயந்திரம். அது அந்தப் பிப்ரவரியில் பழுதாகி மே மாதம்வரை நின்றது. பணம் கட்டிக் காத்திருந்த எங்களைக் குற்றவாளியைப் போல நடத்தினால் வயிறு எரியாதா? இத்தனை ஆண்டுகளில் இரண்டாவது இயந்திரம் ஒன்றை வாங்கி முடிக்கவில்லை!

அபராதச் சீட்டு எழுதித் தாருங்கள், உங்கள் அடையாளச் சான்றைக் காட்டுங்கள் என்றேன். அதற்குள் மாமனார் இருநூறு ராண்டை எடுத்துவிட்டார். "மாப்பிள்ளை, இந்த ஊரில் நிற்க வேண்டாம், கொடுத்துவிட்டுப் போகலாம்" என்றார். அவர் கை நடுங்கியது. 1980களின் நடுப்பகுதிவரை ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்க முடியாது. அனுமதி இல்லாமல் தங்கவும் முடியாது. இளவயதில் அவர் இந்த வழியாகப் போனதெல்லாம் அந்தப் பயத்தோடுதான். சட்டம் ஒழிந்து நாற்பது ஆண்டாகியும் சீருடையைக் கண்டால் அவர் கை தானாகப் பைக்குள் போகிறது. அந்தப் பயத்தில்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். சீட்டும் எழுதவில்லை, சான்றும் காட்டவில்லை. கடைசியில் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கோயிலை அடைந்தபோது தீபாராதனை முடிந்திருந்தது.

எல்லா அதிகாரிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மழையில் என் வண்டிக்கு டயர் மாற்றிக் கொடுத்தவரும் ஒரு போக்குவரத்து அதிகாரிதான். 'பகலில், துணையோடு இருந்ததால் வீரம் பேசுகிறாய்' என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான். இரவில் தனியாக இருக்கும்போது நீல விளக்குப் போட்ட போலீஸ் வண்டி நிறுத்தச் சொன்னால், அபாய விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டி, அருகில் உள்ள காவல் நிலையத்தில் போய் நிறுத்துங்கள்.