வக்கீல் இல்லாமல் நானே வழக்கு போடலாமா?

கேள்வி: அக்கா, என் நிறத்தைச் சொல்லி மேலாளர் கேலி செய்ததை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். ஆறே வாரத்தில் வேலை போய்விட்டது. 'வழக்கு போடலாம்' என்று சமவேலைவாய்ப்பு ஆணையத்தின் (EEOC) கடிதம் வந்து 30 நாளாகிறது. மூன்று வக்கீல்கள் கைவிரித்துவிட்டார்கள். நானே போடலாமா?
- பெயர் வேண்டாம், நியூ ஜெர்ஸி

பதில்: போடலாம், தங்கச்சி. நானும் அப்படித்தான் போட்டேன். பெடரல் கோர்ட்டில் தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை 1789-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாள்தான் கெடு. உங்களுக்கு மீதி 60. வக்கீலைத் தேடுங்கள், தேடிக்கொண்டே கெடுவைத் தவறவிடாதீர்கள்.

என் புகார் மனுவின் முதல் வரைவு 31 பக்கம். மனக்குமுறலை எல்லாம் கொட்டியிருந்தேன். கோர்ட் கேட்பதோ சுருக்கமான, நேரடியான விவரம். 'அநியாயம்', 'கொடுமை' என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுத் தேதிகளை வைத்தேன். ஒன்பது பக்கத்தில் முடிந்தது. பத்திகளுக்கு எண் போடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த தேதி ஒரு பத்தியில், வேலை போன தேதி அடுத்த பத்தியில் நிற்கட்டும். பழிவாங்கிவிட்டார்கள் என்ற உங்கள் வாதத்தின் உயிரே அந்த ஆறு வாரம்தான். ஆணையத்தில் கொடுத்த புகாரிலும் பழிவாங்கலைச் சொல்லியிருக்கிறீர்களா, பாருங்கள். அங்கே சொல்லாததை இங்கே கிளப்பினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

கட்டணம் 405 டாலர். முடியாவிட்டால் விலக்கு கேட்டு மனு கொடுக்கலாம். கிடைத்தால் சம்மனையும் மார்ஷல் (பெடரல் கோர்ட்டின் காவல் அதிகாரி) தரப்பே கொண்டு சேர்க்கும். நான் கட்டணம் கட்டினேன். முத்திரை குத்திய சம்மனோடு நானே கம்பெனிக்குக் கிளம்பினேன். நல்லவேளை, கோர்ட் கவுண்டரில் இருந்த பெண் விதியைக் காட்டினார்: வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிரம்பிய ஒருவர்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன். சம்மன் கொடுப்பதற்கும் மனு போட்டதிலிருந்து 90 நாள் கெடு.

அடுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவர்கள் மனு போடக்கூடும். இடிந்து போகாதீர்கள், பதில் எழுதுங்கள். வக்கீல் இல்லாதவர் மனுவை அத்தனை கறாராகப் பார்க்கக் கூடாது என்று 1972-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கெடு விஷயத்தில் மட்டும் அந்தச் சலுகையை நம்பாதீர்கள்.

வக்கீல் நியமிக்கும்படி நீதிபதியிடம் கேட்கவும், வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு. எனக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.