பகடை மேசைக்கு ஒரு விண்கலம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஆடும் விண்வெளி ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமேற்று கதையாக ஆடும்) ஆட்டத்துக்குச் சின்னதாக ஒரு சரக்குக் கப்பல் வேண்டும். இன்ஜினில் ஆரம்பிப்பதா, ஆயுதத்திலா?

பதில்: இரண்டும் வேண்டாம். மொத்தக் கொள்ளளவை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். 1977-ல் வெளிவந்த ‘டிராவலர்’ ஆட்டம் பழக்கிவிட்ட முறை இது. அதில் டன் என்பது எடை அல்ல, இடம். ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம், அதாவது சுமார் 14 கன மீட்டர்.

அதன் பழைய விதிப்படி 200 டன் கப்பல் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கட்டுப்பாட்டு அறை 20, கணினி 1, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் ஜம்ப் இன்ஜின் 10, சாதா இன்ஜின் 1, மின் உலை 4, எரிபொருள் 30, தலா 4 டன் வீதம் ஆறு கேபின் 24, பீரங்கி மேடை இரண்டுக்கு 2. ஆக 92. சரக்குக்கு மிச்சம் 108.

இப்போது யாராவது ஒருவர் “ஒரே ஜம்ப்பில் ஒன்றல்ல, இரண்டு பார்செக் போகணும்” என்பார் (பார்செக் என்பது நட்சத்திரத் தூரத்துக்கான அளவு). கட்டாயம் ஒருவர் சொல்வார். ஜம்ப் எரிபொருள் 20-லிருந்து 40 ஆகும், உலைக்கான எரிபொருள் 10-லிருந்து 20. ஜம்ப் இன்ஜின் 15, உலை 7. மொத்தம் 38 டன் கூடுதல். சரக்கு 70-க்கு இறங்கிவிடும். வேகமா, வருமானமா என்று மேசையில் சண்டை வருகிறதே, கப்பல் வடிவமைப்பின் பயனே அதுதான். எல்லாம் தாராளமாக அடங்கிவிட்டால் கப்பல் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். 50 டன்னைக் குறையுங்கள்.

கேள்வி: டெக் பிளான் (கப்பல் தளத்தின் வரைபடம்) வரையும்போது கணக்குக்குள் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் நடைபாதையை மறந்திருப்பீர்கள். கட்டத்தாளில் ஒரு கட்டம் 1.5 மீட்டர், கூரை உயரம் 3 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு கட்டம் ஒரு டன். நான்கு டன் கேபினுக்கு எட்டுக் கட்டம் வரும். எட்டையும் அறையாகவே வரைந்தால் நடைபாதைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் எங்கே போவது? அறைக்கு ஐந்து, பொது இடத்துக்கு மூன்று என்று பிரியுங்கள். எரிபொருளையும் விடாதீர்கள்: 30 டன் என்றால் 60 கட்டம். அதை மூலையில் ஒரு சின்ன டேங்காக வரைவதுதான் வழக்கமான கோளாறு. கூரைக்கு மேலும் தரைக்குக் கீழும் பிரித்துவிட்டால் பிளானில் இடம் மிஞ்சும். மொத்தத்தில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம்.

இன்னொன்று: உள்ளே துப்பாக்கிச் சண்டை வரும் என்றால் ஒரே நேர் நடைபாதை கூடாது. வாசலில் ஒருவன் நின்றாலே ஆட்டம் முடிந்துவிடும். முக்கியமான அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி வையுங்கள். ஒன்று பராமரிப்புக் குழாயாக இருந்தாலும் சரி.

கேள்வி: செயற்கை ஈர்ப்பு விசை இல்லாத உலகம் எங்களுடையது. சுழலும் வளையம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமி அளவு ஈர்ப்பு வேண்டுமானால் ஆரம் 224 மீட்டர். 4 சுற்று என்றால் 56 மீட்டர். அதே 4 சுற்றில் பாதி ஈர்ப்பு போதும் என்றால் 28 மீட்டர். அதற்கும் கீழே போனால் தலைக்கும் காலுக்கும் ஈர்ப்பு வித்தியாசம் தெரியும், திரும்பினாலே தலைசுற்றும். சிறிய கப்பலுக்கு வளையமே வேண்டாம். இன்ஜின் எரியும்போது உந்துவிசையே ஈர்ப்பு. ஆகவே தளங்களை அடுக்குமாடி போல, இன்ஜின் அடியில் இருக்கும்படி வரையுங்கள். நீளவாக்கில் கடல் கப்பல் மாதிரி வரைந்தால் இன்ஜின் எரிந்ததும் எல்லோரும் பின்சுவரில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கப்பல் சண்டை என்றாலே பைலட் மட்டும் பகடை உருட்டுகிறார். மற்றவர்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

பதில்: தேவையைவிடக் குறைவாக மின்சாரம் கொடுங்கள். எட்டு இடங்கள்: உந்துக்கு 2, பீரங்கி இரண்டுக்கு 2, ரேடார் 1, ரேடார் குழப்பி 1, குளிர்விப்பு பம்ப் 1, உயிர்காப்பு 1. கையில் வெறும் 5 மின்சார டோக்கன். ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜினியர் பங்கிட வேண்டும். பீரங்கிக்காரரும் ரேடார்காரரும் அவரை நச்சரிப்பார்கள். முப்பது விநாடி மணல் கடிகாரம் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் விவாதம் ஓயாது.

இதோடு வெப்பத்தையும் சேருங்கள். வெற்றிடத்தில் கப்பலின் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். 1 மெகாவாட் கழிவு வெப்பத்தை 300 கெல்வினில் வெளியேற்ற, இரு பக்கமும் வீசும் ரேடியேட்டர் 1,100 சதுர மீட்டர் அளவுக்குத் தேவை. 1,000 கெல்வினில் 9 சதுர மீட்டர் போதும். வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்கு என்பதால் இந்த வித்தியாசம். ஆட்டத்தில் இதை இப்படி வைக்கலாம்: சுட்ட பீரங்கிக்கு 1, முழு உந்துக்கு 1 வெப்பம். ரேடியேட்டர் மூடியிருந்தால் சுற்றுக்கு 1 குறையும். பம்ப் டோக்கன் போட்டு விரித்தால் 3 குறையும். ஆனால் எதிரியின் இரு பகடைக் கூட்டுத்தொகை 10-க்கு மேல் வந்தால் ரேடியேட்டர் கிழியும். வெப்பம் 6-ஐத் தொட்டதும் உலை நின்றுவிடும். இரண்டு பீரங்கி, முழு உந்து, மூடிய ரேடியேட்டர் என்று அடம்பிடித்தால் மூன்றாம் சுற்றிலேயே அந்த நிலை வரும். உயிர்காப்பை அணைத்து டோக்கன் மிச்சம் பிடிக்க நினைப்பார்கள். மூன்று சுற்று அனுமதியுங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு பகடையிலும் 1 கழியுங்கள்.

கேள்வி: கப்பலுக்கு விலை போட வேண்டுமா?

பதில்: சரக்குக் கப்பல் என்றால் ஆம். விலையை 240-ஆல் வகுத்து, அதை மாதத் தவணையாக 480 மாதம் கட்டச் சொல்வது டிராவலர் வழி. ராணுவக் கப்பலில் ஆடுகிறீர்கள் என்றால் விலைக் கட்டத்தையே அடித்துவிட்டு, குண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வையுங்கள்.